கட்டைக்குக் கட்டை

சிங்கப்பூரின் கேலாங்கில் என் அப்பாவைப் பின்னாலிருந்து பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். லோரோங் முனை டுரியான் கடைக்காரர் சொல்வார், காப்பிக்கடை அங்கிள் சொல்வார். ஆள் நல்ல உயரம், எட்டு மட்டும் குட்டை. நடைபாதையில் யாரோ கோடு கிழித்து வைத்ததுபோல ஒவ்வோர் அடியும் ஒரே அளவில் விழும். தலை குனிந்தே இருக்கும். பேருந்து வந்து நின்றாலும் அந்த அளவு மாறாது. "எட்டிப் போட்டு வாங்கப்பா, பஸ் போயிடும்" என்று கத்தினால், "கால் கட்டைக்குக் கட்டை பழகிடுச்சும்மா" என்பார்.

கட்டை என்றால் சிலிப்பர் கட்டை, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரம். அப்பா மலாயன் ரயில்வேயில் கேங்கு ஆள். புக்கிட் தீமா பக்கத்தில் தண்டவாளம் பார்ப்பதுதான் வேலை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், ஒரு மனிதன் இயல்பாக வைக்கும் எட்டைவிடக் கொஞ்சம் குறைவு. கட்டை கட்டையாக மிதித்தால் நடை குறுகும். ஒன்றை விட்டு ஒன்றை மிதித்தால் தாவவேண்டும். ஜல்லியில் இறங்கினால் கணுக்கால் புரளும். அதனால் கேங்கு ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நடை. வேலையை விட்ட பிறகும் அந்த நடை அவர்களை விடாது.

போன வருஷம் என் இடது முழங்காலை மாற்றினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக இருந்தவள் நான், அடுத்தவர் காலுக்குச் சொன்னதையெல்லாம் என் காலுக்கும் சொல்லிக்கொண்டேன்: படி வேண்டாம், மேடு வேண்டாம், சமமான தரையில் நீளமாக நட. கேலாங்கிலிருந்து கடற்கரை கிட்டத்தில்தான். ஆனால் மலைப்பக்கம் போகவேண்டும் என்று மனசு சொன்னது. மலையும் வேண்டும், மேடும் கூடாது என்றால் இந்த ஊரில் ஓர் இடம்தான் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்தச் சிவனும் ரயிலால் இடம் மாறியவர்தான். ஆர்ச்சர்ட் ரோட்டில் டோபி காட் பக்கம் இருந்த கோயில் 1983இல் பெருவிரைவு ரயிலுக்காக எடுபட்டது. கொஞ்ச காலம் சிராங்கூன் ரோட்டில் இருந்துவிட்டு 1993இல் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். ரயில் வரும்போதும் ஊர் நகரும், போகும்போதும் நகரும்.

அல்ஜுனிட்டில் ஏறிப் பூகிஸில் மாறவேண்டும். பூகிஸ் நிலையத்துக்கு மேலே தேன்கூடு மாதிரி அறுகோண வடிவமாக இரட்டைக் கோபுரம் நிற்கிறதே, டூவோ, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வரும். அந்தக் கட்டடம் நிற்கும் இடம், ரயில்வே நிலத்துக்குப் பதிலாகக் கைமாறியது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பூகிஸிலிருந்து டௌன்டவுன் பாதை நியூட்டன், பொட்டானிக் கார்டன்ஸ் என்று தரைக்கடியில் ஓடிப் புக்கிட் தீமா பக்கம் போகிறது. சிங்கப்பூரின் முதல் ரயிலும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போனது, தரைமேல். 1903 ஜனவரி 1ஆம் தேதி டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை வண்டி விட்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில் பாதை உட்லண்ட்ஸ் கரையைத் தொட்டது. அதற்கு மேல் கடல். பயணிகள் படகில் ஜொகூருக்குப் போனார்கள். கடற்பாலத்தின்மேல் ரயில் ஓட 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டேங்க் ரோடு நிலையம் எங்கே என்று இன்றைக்குக் கேட்டால் வயசானவர்களுக்கே தெரியாது. தெண்டாயுதபாணி கோயிலைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். செட்டியார்கள் 1859இல் கட்டிய அந்தக் கோயிலின் அக்கம்பக்கத்தில்தான் நிலையம் இருந்தது. ஆர்ச்சர்ட் ரோட்டைப் பாலம் போட்டுத் தாண்டி நியூட்டன் பக்கம் வண்டி போகும். தைப்பூசத்துக்குக் காவடி வந்து சேரும் தெருவில் ரயில் விசிலும் கேட்ட காலம் அது. ஆனால் நெரிசலான ஊருக்குள் சாலைகளை மறித்துக்கொண்டு ஓடிய அந்தப் பாதை நகரத்துக்கும் இடைஞ்சல், துறைமுகத்துக்கும் எட்டம். 1932இல் புக்கிட் தீமாவிலிருந்து பாதையைத் திருப்பித் தெற்கே தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் மே 2ஆம் தேதி ஆளுநர் சர் செசில் கிளெமென்டி புதிய நிலையத்தைத் திறந்துவைத்தார். முகப்பில் விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து என்று நான்கு பளிங்குச் சிலைகள். அன்றோடு டேங்க் ரோட்டுப் பாதை செத்தது. அதன்மேல் சாலையும் வீடும் வந்தன. அதை நடந்து பார்த்து வழியனுப்ப ஊர் திரண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக, இந்தச் சின்னத் தீவில் ரயில் இரண்டு முறை செத்திருக்கிறது. முதல் சாவுக்குத் தடயம் இல்லை. இரண்டாவது சாவின்மேல்தான் நாங்கள் காலை நடை போகிறோம்.

ஹியூம் நிலையத்தில் இறங்கினேன். 2025 பிப்ரவரியில் திறந்த நிலையம், சுவரில் இன்னும் புது வாசம். எதிர்ப்பக்கம் பழைய ஃபோர்ட் தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாலைக்கு மேலே கறுத்த இரும்புப் பாலம். மேலே போனால் பழைய ரயில் பாதை. அங்கிருந்து தெற்கே புக்கிட் தீமா நிலையம் வரை நடப்பது என்று வைத்துக்கொண்டேன். என் காலுக்கே ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தூரம்.

தீவிலேயே உயர்ந்த குன்று புக்கிட் தீமா. உயரம் 164 மீட்டர். நீலகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், எங்களுக்கு அதுதான் மலை. அதன் அடிவாரத்தை ஒட்டிப் பாதை போகிறது. ஒரு பக்கம் காடு, தலைக்குமேல் மரங்கள் கைகோத்து நிற்கும். சில இடத்தில் மேட்டை இரண்டாக வெட்டிப் பாதையை நடுவில் விட்டிருக்கிறார்கள். மலைக்குப் பக்கத்திலேயே போகிறோம், ஆனால் மூச்சு வாங்காது. ரயில் வண்டிக்கு மேடு ஆகாது என்பதுதான் காரணம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். கொஞ்சம் ஏற்றம் கூடினாலும் இஞ்சின் திணறும். அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், வளைந்து போனார்கள். குன்னூர் ஏற்றத்தில் நீலகிரி வண்டி ஏறுவது தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் இருப்பதால். அது இல்லாத இடமெல்லாம் ரயில் சமதளத்தைத் தேடித்தான் ஓடும். இஞ்சினுக்காகச் செய்த அந்தச் சலுகையைத்தான் இப்போது என் முழங்கால் அனுபவிக்கிறது.

மலையில் செத்த ரயில் என்றால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். சில வருஷங்களுக்கு முன்னால் மூணாறுக்குப் போயிருந்தோம். தேயிலைத் தோட்டத்துக்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டு, 1908இல் அதையே சின்ன ரயில் பாதையாக மாற்றினார்களாம். 1924 ஜூலையில் பெய்த மழையில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். மறுபடி கட்டவே இல்லை. அங்கேயும் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழர்கள். வெள்ளம் ஒரே மழையில் முடித்த வேலையைச் சிங்கப்பூரில் காகிதம் இருபது வருஷம் இழுத்து முடித்தது.

அப்பா 1948இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். அடுத்த வருஷம் கேங்கில் சேர்ந்தார். தலைக்கு மேலே மண்டோர் என்ற மேஸ்திரி, அவருக்கு மேலே பாதை இன்ஸ்பெக்டர். மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி நாற்காலிகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். சுத்தியல் பிடித்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். இந்த வரிசை புதுசு இல்லை. மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்துதான் ஆள் படை வந்தது.

விடிகாலையில் ஓர் ஆள் தன் பங்குப் பாதை முழுவதும் நடந்து பார்ப்பார். தோளில் நீளப் பிடிச் சுத்தியல், கையில் திருகுச்சாவி, இடுப்பில் சுருட்டிய சிவப்புக் கொடி. தண்டவாளத்தில் தட்டினால் வரும் சத்தத்தை வைத்தே எங்கே ஆணி தளர்ந்திருக்கிறது, எங்கே கட்டை உளுத்திருக்கிறது என்று சொல்வார்கள். இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கும். இந்த ஊர் வெயிலில் இரும்பு நீளும், இடைவெளி இல்லாவிட்டால் பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். மழைக்குப் பிறகு ஜல்லி உள்வாங்கிய இடத்தில் கூர்ப்பாரையால் குத்திக் குத்திக் கட்டைக்கு அடியில் கல்லைத் திணிக்க வேண்டும். மூச்சு வாங்காமல் நாங்கள் நடக்கிற இந்தச் சமதளம் தானாக நின்றதில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் குலைந்தது, ஒவ்வொரு நாளும் யாரோ திரும்ப நிமிர்த்தினார்கள்.

காலையில் நடப்பது இப்போது ஆரோக்கியம். அப்பாவுக்கு அதுதான் கூலி. என்னைத் தாண்டி ஒரு பையன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். சைக்கிளில் ஓர் அம்மா மணி அடித்துவிட்டுப் போனார். எதற்காக நடக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இதே பாதையில் அப்பா சும்மா நடந்ததே இல்லை.

எங்கள் லயன் வீடு பாதை ஓரத்தில் இருந்தது. ராத்திரி மெயில் வண்டி போனால் அலமாரியில் பீங்கான் கிளுகிளுக்கும். கிளுகிளுக்காத ராத்திரியில்தான் எனக்கு விழிப்பு வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் வடக்கே போகிற சரக்கு வண்டியை மட்டும் பார்க்கமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜப்பான் காலத்தில் அவருடைய வீட்டுக்காரரை அப்படியொரு வண்டியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே ஜப்பானியர் போட்ட சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளும் எங்கள் வீட்டோரப் பாதை வழியாகத்தான் வடக்கே போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது. பாட்டி வீட்டுக்காரர் வரவில்லை.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது எனக்குப் பதினொரு வயசு. எங்கள் வீட்டுக்கு ஒரு விசித்திரமான கதி வந்தது. நாடு சிங்கப்பூர், வீடு நிற்கும் நிலம் மலேசிய ரயில்வேயுடையது. 1918 சட்டத்தின்படி ரயில்வே நிலத்தில் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகை. "ஆயிரத்துக்கு ஒண்ணு கொறச்சு எழுதினவன் யாருன்னு தெரியலையே" என்று அப்பா சிரிப்பார். சுற்றிலும் கம்பத்து வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும்பின, எழுபதுகளில் நாங்களும் கேலாங்குக்கு மாறினோம். பாதை மட்டும் மாறவில்லை. தீவின் நடுவே ஒரு பழைய துண்டு அப்படியே கிடந்தது. யாரும் எதுவும் கட்டமுடியாத நிலம் என்பதால் காடு அதைப் பிடித்துக்கொண்டது. இன்று எல்லாரும் வியக்கிற பச்சைக்கு, நாடு ஒன்று நில உரிமை இன்னொன்று என்ற அந்த இழுபறியும் ஒரு காரணம்.

1990 நவம்பரில் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து நிலையத்தை அகற்றுவது என்று பேச்சு. எப்போது, எதற்குப் பதிலாக எது என்பதில் இரண்டு நாடும் முட்டிக்கொண்டன. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. அதனால் கோலாலம்பூருக்குப் போகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, அப்புறம் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை, இருந்திருந்தால் இன்னொரு முறை சிரித்திருப்பார்.

2010 மே மாதம் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் அந்த முட்டலை முடித்துவைத்தார்கள். ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரீனா சவுத்திலும் ஓஃபிர் ரோச்சோரிலும் ஆறு மனைகள். மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமான கசானாவுக்கு நூற்றுக்கு 60 பங்கு, சிங்கப்பூரின் தெமாசெக்குக்கு 40 பங்கு என்று ஒரு கூட்டு நிறுவனம். அதிலிருந்து எழும்பியவைதான் மரீனா ஒன்னும், நான் ரயில் மாறிய பூகிஸ் டூவோவும். 999 ஆண்டுக் குத்தகை 93 ஆண்டில் முடிந்தது.

2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் இப்ராகிமே இஞ்சினில் ஏறிக் கடைசி வண்டியை ஓட்டிப் போனார். அடுத்த நாளிலிருந்து ஜூலை 17 வரை பாதை முழுவதையும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பதினேழு நாள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கல்யாணக் கோலத்தில் படம் எடுத்தார்கள். தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்த்தார்கள். நானும் போனேன். அப்போது முழங்கால் நன்றாக இருந்தது, வீம்புக்குக் கட்டையை விட்டுக் கட்டை தாவி நடந்தேன். அதன்பிறகு இரும்பைப் பெயர்த்து மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். மண்பாதை மிஞ்சியது, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர்.

எதை வைத்துக்கொள்வது என்று ஊர் நன்றாகவே யோசித்தது. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னம். புக்கிட் தீமா நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடம். இரண்டு இரும்புப் பாலமும் நிற்கின்றன. கேங்கு ஆட்கள் விட்டுப்போனதில் நிற்பது என்ன என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். 1932இல், பாதை திரும்பிய அதே வருஷத்தில், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு குடிசையில் முனீஸ்வரனை வைத்தார்கள். முனியாண்டி கோயில் என்பார்கள். இருட்டில் தனியாகப் பாதை பார்க்கப் போகிறவனுக்குத் துணைக்கு ஒரு காவல்காரச் சாமி வேண்டாமா? அப்பா சம்பள நாளில் அங்கே எலுமிச்சை வைத்து வருவார். அந்தச் சாமி இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கிறார், 1998இல் கும்பாபிஷேகம் ஆனது. குடிசை போட்டவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் சாமி மட்டும் முகவரியோடு இருக்கிறார்.

இரண்டாவது இரும்புப் பாலத்தைத் தாண்டினேன். கீழே புக்கிட் தீமா சாலையும் டன்னர்ன் சாலையும் இரைந்தன. பாலம் முடிந்ததும் கொஞ்ச தூரத்தில் நிலையம். செங்கல் கட்டடம், ஒரு கொட்டகை அளவுதான். 1932இல் கட்டியது, 2022இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் இங்கேதான் ஒதுங்கி வழிவிடும். குதிரைப் பந்தயத்துக்குக் குதிரைகளும் இங்கேதான் இறங்கும், சின்ன வயசில் அதுதான் எங்களுக்குச் சர்க்கஸ். வண்டி மெதுவாக ஊர்ந்து போகும்போது ஓட்டுநர் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவார், மேடையில் நிற்பவர் அதை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பார். வளையத்தில் தொங்கும் பைக்குள் அடுத்த துண்டுப் பாதைக்கான சாவி. அது கையில் இல்லாமல் வண்டி நகராது. ஒரு சாவிக்கு ஒரு வண்டி, அதனால் நேருக்கு நேர் மோதல் கிடையாது. 2011இல் கடைசி வண்டி வரைக்கும் இந்தக் கைமாற்று இங்கே நடந்தது.

நிலையத்தின் முன்னால் கொஞ்ச தூரம் தண்டவாளத்தையும் கட்டைகளையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரும்பின்மேல் கை விரித்து நடந்துகொண்டிருந்தன. ஓர் அப்பா கைப்பேசியில் படம் எடுத்தார். நான் ஊன்றுகோலை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு முதல் கட்டையில் கால் வைத்தேன். விழுந்துவிடுவேனோ என்று ஒரு பெண் ஓடிவந்து, "ஆன்ட்டி, பார்த்து" என்றாள்.

சின்ன வயசில் என் கால் அடுத்த கட்டைக்கு எட்டாது, அப்பா கையைப் பிடித்துத் தூக்கி வைப்பார். ஐம்பத்தேழு வயசில் எட்டு நீளமாகி, ஒரு கட்டையைத் தாண்டித் தாண்டிப் போனேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் எட்டு எவ்வளவு குறுகியிருக்கிறது என்று அளந்து பார்த்ததில்லை. இரண்டாவது கட்டையில் கால் சரியாக விழுந்தது. மூன்றாவதிலும். தலை தானாகக் குனிந்துகொண்டது. அந்தப் பெண்ணிடம், "பரவாயில்லம்மா, எனக்கு அளவு சரியாயிருக்கு" என்றேன்.